காலி நீலம்

விடியல் தொழுகை முடிந்த கையோடு
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கிளம்புவேன்.
பன்னிரண்டு வில்லா, பன்னிரண்டு மீட்டர்.
விருந்தினர் உறங்குவார்கள்.
முள் உறங்காது.

கட்டில்மேல் ஓர் அட்டை இருக்கும்.
துவாலையைக் கொக்கியில் மாட்டினால்
இன்னொரு நாள் போதும் என்று பொருள்,
தரையில் போட்டால் துவைக்கச் சொல்லிப் பொருள்.
சலவைக்கார சுபிரா கேட்கிறாள்:
நாற்காலி முதுகில் தொங்குகிறதே,
அதற்கு என்ன பொருள் என்று
ஏன் யாரும் அச்சடிக்கவில்லை?

சான்சிபாரின் கிழக்குக் கரை இது.
காலடியில் மண் கிடையாது, பவளப் பாறை.
பாறைக்குள்ளே உப்புத் தண்ணீர்.
அதன்மேல்
பாலின்மேல் ஆடைபோல
மெல்லிசாய் மிதக்கிறது நல்ல தண்ணீர்.
ஊருக்கும் எங்களுக்கும் ஒரே ஆடை.
அவர்களிடம் கயிறும் வாளியும்,
எங்களிடம் மோட்டார்.

சனவரியில் ஆடை கிழிந்தது.
வாய் கொப்பளித்த இமாம் துப்பிவிட்டு
கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தார்,
உள்ளே கடல் வந்து உட்கார்ந்திருப்பதுபோல.

மறுநாள் பகல்,
பாசி வயலிலிருந்து முழங்கால் ஈரம் காயாமல்
வாயிலுக்கு வந்தாள் முவானஹாவா.
கோஷம் போடவில்லை, மனு எழுதவில்லை.
கையில் ஒரு கோப்பை தேநீர்.
மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றாள்.

தெக்லா எங்கள் மேலாளர்,
அருஷா மலைச்சரிவில் பிறந்தவர்,
ஓடையில் குனிந்து குடித்து வளர்ந்தவர்.
முதல் மிடறில் முகம் கோணியது.
கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.
அடிவரை குடித்தார்.
கோப்பையைக் கழுவிக் கொடுக்கச் சொன்னார்,
பிறகு, கழுவ வேண்டாம் என்றார்.

"உன் நோட்டைக் கொண்டு வா."
ஆறு வருடமாக எழுதுகிறேன்,
அன்றுதான் இன்னொருவர் அதை வாசித்தார்.
ஒரு நீச்சல் குளத்தில் வெயில் மட்டும்
நாளைக்குப் பதினான்கு வாளி குடிக்கிறது.
பதினான்கு என்று மூன்று தடவை சொன்னார்,
யாரோ தெரிந்தவர் பெயரைப்போல.

ஏழாம் வில்லாவின் குளம் வற்றியது.
அதன் குழாய் வேலியைத் தாண்டி
ஊர்த் தொட்டிக்குத் திரும்பியது.
வாடகையில் கால் பங்கு குறைத்தும்
நான்கு வாரம் அங்கே யாரும் தங்கவில்லை.
வெறும் நீல ஓடு,
நடுவில் ஒரு பல்லி, தன் சொந்தக் கட்டடம்போல.

முதலாளி தூர தேசத்திலிருந்து
ஒரு பெயர்ப்பலகை அனுப்பினார்:
தண்ணீரைப் பகிர்கிறோம்.
குழாயைவிடப் பலகை பெரிது.
ஆடுகளுக்குப் பிடித்துவிட்டது,
முதுகு சொறிய வசதியான உயரம்.

மார்ச் கடைசியில் மழை.
நீல ஓட்டில் முழங்கால் அளவு தேங்கி
இரவெல்லாம் தவளைகள்.
வந்து இறங்கிய ஒரு தம்பதி
அறை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டார்கள்.
அவர்களுடைய பையன் மட்டும்
விளிம்பில் கவிழ்ந்து படுத்து
எண்ணிக்கொண்டே தூங்கிப்போனான்.
முப்பத்தொன்றுவரை வந்ததாகச் சொன்னான்.
நான் சரிபார்க்கவில்லை.

நேற்று தெக்லா கேட்டார்,
மழைதான் வந்துவிட்டதே, குளத்தை நிரப்பலாமா?
என்னைக் கேட்டாரா, நோட்டைக் கேட்டாரா
தெரியவில்லை.
சம்பளக்காரன் நான், சட்டென்று சொல்ல முடியுமா?
ஏழாம் கட்டத்தைத் திருப்பிக் காட்டினேன்.
வரிசையாகச் சைபர்கள்,
என் கையெழுத்திலேயே அவைதான் உருண்டை.
பார்த்தார். மூடினார். போய்விட்டார்.

இன்று காலையும் சைபர்தான்.
நாளை என்னவென்று முள்தான் சொல்ல வேண்டும்.

கிழிந்த ஆடை ஒரு மழையில் கூடுமா?
பள்ளிவாசல் கிணறு இன்னும் கரிக்கிறது.
இமாம் இன்னும் துப்புகிறார்,
ஆனால் கொஞ்ச நேரம்
வாயில் வைத்து யோசித்துவிட்டு.